ஈட்டியை எடுக்கப் போனவள்

சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ஈட்டிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் அக்காவுக்கு மட்டும் தூங்குமூஞ்சி. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே இருப்பாள். திடீரென்று கை நின்றுவிடும், கண் ஜன்னல் வழியே எங்கோ போய்விடும். "அடியே, ஆவி பட்டு வெந்துடப் போற!" என்று மேற்பார்வைக்காரம்மா கத்தினால்தான் இந்த உலகத்துக்கு வருவாள்.

கூடத்துக்குப் பின்னால் இருந்த வெற்று மைதானத்தில்தான் எறியக் கற்றாள். இருந்தது ஒரே ஈட்டி. எடுத்துத் தர நாதியில்லை. எறிவாள், அது மிதந்து போவதை வாய் பிளந்து பார்ப்பாள், பின்னாலேயே நடந்து போய்ப் பிடுங்கி வருவாள். வருஷக்கணக்காக இதே கதை. உண்மையில் அந்த நடைதான் அவளுக்குப் பிடித்ததே. பனியில் கால் நனையும், தலைக்குள் ஒரு சத்தமும் இருக்காது.

அந்த நடைதான் அவள் குடியையும் கெடுத்தது. முதல் வெளிநாட்டுப் போட்டி. வாழ்நாளிலேயே நல்ல எறி. ஈட்டி தரை தொடவில்லை, அதற்குள் அம்மணி பழக்கதோஷத்தில் வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் புல்லில் நடந்துகொண்டிருந்தாள். சிவப்புக் கொடி! கோட்டைத் தாண்டினால் எறியை அளக்கவே மாட்டார்கள். அடிப்பாவி, ஈட்டியைத் திருப்பிக் கொண்டுவர அங்கே ஒரு பொம்மைக் காரே ஓடிக்கொண்டிருந்ததே!

அதன் பிறகு எத்தனையோ நாடுகளுக்குப் போனாள். போன இடமெல்லாம் அந்தக் கோட்டின் பயமும் கூடவே போனது. கை ஓங்கும்போதே கால் பிரேக் போடும்; ஈட்டி பாதியிலேயே படுத்துவிடும். முதல் மூன்று எறிகளில் முன்னணி எட்டுப் பேருக்குள் வந்தால்தான் மேற்கொண்டு எறிய விடுவார்கள். ஒரு தடவைகூட அவள் அந்த எட்டில் இல்லை. முழங்கையும் தேய்ந்துபோயிற்று. இன்னும் ஒரே ஒரு போட்டி, அதோடு போதும் என்றுவிட்டார் டாக்டர்.

சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். "ஒரே ஒரு தடவை அந்த எட்டுல நான் இருக்கணும்க்கா."

பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அக்காவுக்கு ஈட்டி என்றாலே ஆகாது. அவள்தான் மறுநாள் காலை ரப்பர் செருப்போடு மைதானத்துக்கு வந்து நின்றாள்.

"எறிஞ்சிட்டு மரம் மாதிரி அங்கேயே நில்லு. நான் போய் எடுத்துட்டு வரேன்."

"உனக்கு வேலைக்கு நேரமாகலையாக்கா?"

"ஆகுது. ரொம்ப தூரம் எறிஞ்சு என்னை நடக்க வைக்காத."

தினமும் வந்தாள். முணுமுணுத்தபடியே போவாள், முணுமுணுத்தபடியே எடுத்து வருவாள்.

கடைசிப் போட்டி, மூன்றாவது எறி. அதுவரை அவள் ஒன்பதாவது இடம். ஓடி வந்தாள், கை விட்டது. ஈட்டி வெயிலுக்குள் ஏறிப் போய், இறங்க மனமில்லாததுபோல் மிதந்தது. கால் பரபரத்தது. அப்போதுதான் புல்லில் சளக் சளக்கென்று ரப்பர் செருப்புச் சத்தம். அக்கா முணுமுணுத்தபடி ஈட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். சரி, அவள் எடுத்து வந்துவிடுவாள். இவள் நின்றாள்.

வெள்ளைக் கொடி உயர்ந்தது. பலகையில் எட்டாவது இடத்தில் அவள் பெயர் வந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தாள். நடுவர் வந்து தோளைத் தொட்டுத்தான் நகர்த்த வேண்டியிருந்தது.

எல்லா எறிகளும் முடிந்ததும் ஊரிலிருந்த அக்காவுக்குப் போன் போட்டாள். அக்காவின் குரலைக் கேட்டதுமே அழுதுவிட்டாள்.

"அழாம சொல்லுடி தூங்குமூஞ்சி, என்னாச்சு?"

"அக்கா, இன்னிக்கு உன்னை ரொம்ப தூரம் நடக்க வச்சிட்டேன்."