டிரெஸ்ஸா வீட்டுக் கணக்குப் புத்தகங்கள்

காலை ஐந்தே காலுக்கு டிரெஸ்ஸா கிம்ப்ரோ எட்டு வயதுப் பிள்ளையாகிவிடுகிறாள். சமையலறை மேஜையில் காபியை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, மூத்த மகள் ஜூனியா அன்றைக்குப் படிக்க வேண்டிய கணக்குப் பக்கத்தைத் தானே முதலில் போட்டுப் பார்க்கிறாள். விரல் விட்டுத்தான் எண்ணுகிறாள். அதையும் மேஜைக்குக் கீழே எண்ணுகிறாள். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். வெளியே ஆடுகள் மட்டும் விழித்திருக்கின்றன. ஆடு பார்த்துவிட்டால்தான் என்ன, இருந்தாலும் மேஜைக்குக் கீழேதான்.

விடை சரியாக வந்தால் ஒரு மிடறு காபி. வராவிட்டால் பக்கத்தை முறைத்துப் பார்த்து, "இதை இப்படியா கேப்பாங்க?" என்று புத்தகத்தைக் கேட்பாள். புத்தகத்தோடு பேசுகிற பழக்கம் அவளுக்கு உண்டு. மாவோடு பேசுவாள், வண்டியோடு பேசுவாள், பால் கறக்கும்போது ஆட்டோடு பேசுவாள். புத்தகத்தோடு மட்டும்தான் சண்டை.

முப்பத்து நான்கு வயது. உருட்டுக்கட்டை மாதிரி மணிக்கட்டு, முதுகு வரை ஒற்றைப் பின்னல், கணுக்கால் வரை முரட்டு நீலத் துணிப் பாவாடை. கணவன் லோரன் மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவன். பிள்ளைகள் இரண்டு: எட்டு வயது ஜூனியா, ஆறு வயது ஃபெர்ன். அமெரிக்காவில், மிசௌரியின் இந்த மலைப்பக்கத்தில் மூன்று வீட்டுக்கு ஒரு வீடு பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கிறது. டிரெஸ்ஸா அதில் ஒருத்தி. இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

வாசிப்பு சொல்லித்தர அவளுக்குப் பயமில்லை. பைபிளை எடுத்து மடியில் வைத்தாள், இரண்டு பிள்ளையும் வாசித்துவிட்டது. பூமி, மழை, தவளை எல்லாம் தோட்டத்திலேயே முடிந்துவிடும். கணக்கு என்றால்தான் பயம். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு மேஜை இருந்தது. கணக்கு வராத நாலைந்து பேரை அங்கே உட்கார வைப்பார்கள். அந்த மேஜைக்குப் பெயர் கிடையாது. தண்ணீர் குடிக்க வருகிறவனுக்கெல்லாம் அது என்ன மேஜை என்று தெரியும். டிரெஸ்ஸா அங்கே மூன்று வருடம் உட்கார்ந்தாள். அதனால், தன் பிள்ளை கணக்குப் புத்தகத்தின் முன்னால் கண்ணைக் கசக்கினால் அவளுக்குப் பொறுக்காது. பிள்ளை மேல் தப்பில்லை என்று உடனே சொல்லியாக வேண்டும். அப்படியானால் தப்பு யார் மேல்?

"புக்கு இவளுக்கு ஒத்துக்கல" என்பாள், பால் ஒத்துக்கொள்ளவில்லை என்பது போல.

மூன்று வருடத்தில் நாலு புத்தகம் ஒத்துக்கொள்ளாமல் போனது. முதலாவது, வண்ண வண்ணக் கட்டைகளோடு வந்தது. இரண்டாவது கறுப்பு வெள்ளை, படமே கிடையாது. மாவு விற்கிற கடையில் வாங்கியது, மூன்று வாரத்தில் அலமாரிக்குப் போனது. மூன்றாவதில் ஒரு எலிக் குடும்பம் கதை சொல்லிக்கொண்டே கணக்குப் போடும். நாலாவதில் கழுத்தில் பட்டாம்பூச்சி டை கட்டிய ஒரு ஆள் கம்ப்யூட்டர் திரையில் வந்து சிரிப்பார்.

அவளைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. மளிகைக் கடை வரிசையில் பின்னால் நிற்கிற பெண்ணிடம் பெயர் கேட்பதற்கு முன்னால், "உங்க வீட்ல என்ன கணக்கு?" என்று கேட்கிறவள் அவள். வியாழக்கிழமை சர்ச்சின் கீழ்த்தளத்தில் தாய்மார்கள் கூடுவார்கள். பிள்ளைகள் ஒரு பக்கம் பாட்டுப் படிக்க, இவர்கள் மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரி புத்தகம் விசாரிப்பார்கள். எழுதினவர் யார், அவருக்குச் சொந்தமாகப் பிள்ளைகள் உண்டா, எத்தனை, அழ வைப்பாரா? டிரெஸ்ஸா எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து இருப்பதை மாற்றிவிடுவாள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதெல்லாம் சந்திக்கு வந்தது.

சர்ச் முடிந்து சாப்பாடு. லோரனின் அக்கா ரோண்டா வந்திருந்தாள். நாத்தனார் என்றால் நாத்தனார்தான், எந்த ஊரானால் என்ன. அவள் பள்ளிக்கூடத்து மஞ்சள் பஸ் ஓட்டுகிறவள். கிம்ப்ரோ வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம், நிறுத்தத் தேவையில்லாத அந்த வாசலில், வேகத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டுத்தான் போவாள்.

மூலையில் பெட்டிக்குள் புதுக் குஞ்சுகள் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. லோரன் பீன்ஸைச் சோளரொட்டியில் வழித்துக்கொண்டே மகளைப் பார்த்தான். "ஜூனி, நாப்பத்திரண்டு முட்டை அடை வெச்சோம். பதினேழு கூமுட்டையாப் போச்சு. குஞ்சு எத்தனை?"

ஜூனியா காகிதத் துண்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக அழகாக எழுதினாள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். "முப்பத்தஞ்சு."

சின்னவள் ஃபெர்ன் எழுந்து போய்ப் பெட்டிக்குள் தலையை விட்டு ஒவ்வொன்றாக எண்ணினாள். எண்ணி முடிக்க நேரமானது. திரும்பி வந்து நாற்காலியில் ஏறிக்கொண்டு, "இருபத்தஞ்சுதான் இருக்கு. பாக்கிப் பத்தை யாரு தின்னா?" என்றாள்.

"உங்கம்மா எலி தின்னிருக்கும்" என்றாள் ரோண்டா. "கணக்குப் போடுற எலி."

"அண்ணி, குழந்தை முன்னாடி வேண்டாம்" என்றாள் டிரெஸ்ஸா.

"நான் என்ன சொல்லிட்டேன்? என் பஸ்ல முன்னாடி ரெண்டு சீட்டு காலியாக் கிடக்கு. அதைத்தான் எப்பவும் சொல்றேன். ரொட்டி இன்னும் இருக்கா, நல்லா வந்திருக்கு."

ஜூனியா துண்டுக் காகிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டாள். டிரெஸ்ஸா பிறகு அதை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால், பிள்ளை ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருந்தாள். நாலில் ஒன்று போனால் மூன்று. பக்கத்து இலக்கத்திலிருந்து ஒரு பத்தைக் கடன் வாங்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. மறந்துபோனது போலவும் இல்லை. யாரோ சொல்லித்தந்த சுவடே காணோம்.

லோரன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. கம்பத்தின் மேலே பேச்சுத் துணை கிடையாது, அந்தப் பழக்கம். சாயங்காலம் தொட்டியில் கை கழுவிக்கொண்டே சொன்னான்: "டிரெஸ், புத்தகத்தைப் பத்தி எனக்கொண்ணும் தெரியாது. இருக்கிற நாலுல எதையாவது ஒண்ணைப் பிடி. அஞ்சாவது ஒண்ணு இந்த வாசலுக்குள்ள வந்தா, ஆகஸ்ட்ல ரெண்டு பிள்ளையும் அக்கா பஸ்ல ஏறுதுங்க."

"புக்கு சரியில்லன்னா?"

"சரியில்லாட்டியும்."

அவன் சத்தம் போட்டிருந்தால் அவளும் போட்டிருப்பாள். துண்டை எடுத்துக் கை துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் டிரெஸ்ஸா நாலு புத்தகத்தையும் கட்டில் மேல் பரப்பி, பொருளடக்கத்தைத் திறந்து வைத்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். கட்டைப் புத்தகத்தில் கடன் வாங்கிக் கழித்தல் இருபத்தாறாம் பாடம். ஜூனியா அழுததால் இருபதோடு விட்டிருந்தார்கள். கறுப்பு வெள்ளையில் அது அறுபதுக்கு மேல். பதினாலாம் பாடம் தாண்டவில்லை. எலிக் குடும்பம் அதை முதல் வருடக் கடைசியிலேயே முடித்துவிட்டது, இவர்கள் சேர்ந்ததே இரண்டாம் வருடத்தில், அங்கே எலி "நினைவிருக்கிறதல்லவா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறது. டை கட்டியவர் முதல் ஐந்து வாரத்தில் பொறுமையாக எல்லாவற்றையும் திரும்பச் சொல்லித்தருகிறார். அந்த ஐந்து வாரத்தை, பிள்ளைக்குத்தான் தெரியுமே என்று டிரெஸ்ஸாவே தள்ளிவிட்டிருந்தாள். தெரியுமா என்று சோதிக்க ஒரு தாள் இருந்தது. அதை வைத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கேள்வியை வாசித்தவளும் அவள்தான். சரியான விடை வரும் இடத்தில் அவள் குரல் தன்னால் கொஞ்சம் ஏறிவிடும்.

நாலு புத்தகத்திலும் அந்தப் பாடம் இருக்கிறது. நாலிலும் இவர்கள் இல்லாத இடத்தில் இருக்கிறது.

அன்று ஆட்டில் பால் கறக்க நேரமாகிவிட்டது. ஆடு கத்திக் கூப்பிட்டது.

மாவு வாங்கப் போனபோது எட்னா ஷர்க்கிடம் கேட்டாள். எட்னா மென்னோனைட் என்ற பழைமையான கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த பெண். தலையில் வெள்ளைத் துணித் தொப்பி, கடையில் மாவு, வெல்லப்பாகு, பொத்தான், அதற்குப் பக்கத்திலேயே அந்தக் கறுப்பு வெள்ளைக் கணக்குப் புத்தகம், எல்லாம் ஒரே அலமாரியில்.

"இதுல ஒரு படங்கூட இல்லையே எட்னா. பிள்ளைங்களுக்கு அலுப்பா இருக்காதா?"

"இருக்கும்" என்றாள் எட்னா, மாவை நிறுத்துக்கொண்டே.

"அழுவாங்களா?"

"எனக்கு ஒம்பது. ஒம்பதும் இதே புத்தகந்தான். அழாதது ஒண்ணும் இல்ல. ரூபன் மேஜைக்கடியில போய்ப் படுத்துக்குவான்."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"சாப்பாட்டு வேளை வந்தா வெளிய வருவான். வந்ததும் விட்ட எடத்துலேர்ந்து போடுவோம்." எட்னா பையின் வாயைக் கட்டினாள். "புத்தகம் ஒண்ணும் பண்ணாதும்மா. அது அங்கயேதான் இருக்கும். நீதான் நிக்க மாட்டேங்கற."

வேறு யாராவது சொல்லியிருந்தால் டிரெஸ்ஸா கோபித்திருப்பாள். எட்னாவைக் கோபித்துக்கொண்டால் மாவுக்கு இருபது மைல் போக வேண்டும். வீட்டுக்கு வந்து அலமாரியிலிருந்து கறுப்பு வெள்ளையை எடுத்துத் தூசி தட்டினாள். இரண்டாம் வருடப் புத்தகம். ஜூனியாவுக்குச் சின்னப் பிள்ளைப் புத்தகம். இருந்தாலும் பதினைந்தாம் பாடத்திலிருந்து தொடங்கினார்கள். ஒரு நாளைக்கு ஒரு பாடம், ஞாயிறு மட்டும் விடுமுறை.

மே மாதக் கடைசி வியாழனன்று மார்னி வந்தாள். மார்னிக்கு ஆறு பிள்ளைகள், ஒரு பெரிய வண்டி, எப்போதும் ஒரு புது நற்செய்தி. சர்ச் வாசலில் வைத்து ஒரு பெட்டியை டிரெஸ்ஸாவின் கையில் திணித்தாள். "எங்ககிட்ட ரெண்டு செட்டு வந்துருச்சு. சும்மாவே எடுத்துட்டுப் போடி. சீட்டாட்டம் மாதிரி, ஆடிக்கிட்டே கழித்தல் வந்துரும். எங்க வீட்ல கணக்குக்கு அழுது ஒரு வருஷம் ஆச்சு."

அவள் சொல்லும்போதே அவளுடைய நாலாவது பிள்ளை படிக்கட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதுகொண்டிருந்தது.

"அது கணக்குக்கு இல்ல" என்றாள் மார்னி. "அது ஷூவுக்கு."

டிரெஸ்ஸா வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெட்டியை வண்டியின் பின்பக்கத்தில் வைத்து, ஆட்டுத் தீவன மூட்டையை அதன் மேல் சாய்த்தாள். வாசலுக்குள் வரக் கூடாது என்றுதானே லோரன் சொன்னான். வண்டி வாசலுக்கு வெளியில்தான் நிற்கிறது. இப்படி நியாயம் பேசிக்கொண்டு மூன்று வாரம் அந்தப் பெட்டியோடு கடைக்கும் சர்ச்சுக்கும் போய் வந்தாள். வண்டியோடு பேசுவதை அந்த மூன்று வாரமும் நிறுத்தியிருந்தாள்.

ஜூன் நடுவில் அறுபத்து மூன்றாம் பாடம் வந்தது. காலையிலேயே வெக்கை. மேஜை மேல் ஐஸ்குச்சிகள், பத்துப் பத்தாக ரப்பர் போட்டுக் கட்டியவை நாலு, உதிரி இரண்டு. ஜூனியா பதினேழை எடுக்க வேண்டும்.

"ஒரு கட்டைப் பிரிச்சுக்கோ" என்றாள் டிரெஸ்ஸா.

"எதுக்குப் பிரிக்கணும்? கட்டித்தானே வெச்சிருக்கு."

"ரெண்டுதான் உதிரியா இருக்கு. ஏழு எப்படி எடுப்ப?"

"எடுக்க முடியாது. அவ்வளவுதான். முடியாதுன்னு எழுதிடறேன்."

"ஜூனி, பிரிச்சாலும் அது பத்துதான்."

"பிரிச்சா எப்படிப் பத்து? அப்புறம் அது உதிரி."

ஃபெர்ன் வாயைத் திறந்தாள். டிரெஸ்ஸா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். ஜூனியா ஒரு கட்டைப் பிரித்தாள். குச்சிகள் தரையில் சிதறின. குனிந்து பொறுக்கி எண்ணினாள், ஒன்பதுதான் வந்தது. மறுபடி எண்ணினாள். அவள் முகம் சிவந்து, உதடு பிதுங்கி, கண்ணீர் நேராகப் பக்கத்தின் மேல் விழுந்து, எழுதியிருந்த நாற்பத்திரண்டில் இரண்டை ஊற வைத்தது.

"எனக்கு வராதும்மா" என்றாள். பிறகு, மூக்கை உறிஞ்சிவிட்டு, பெரிய மனுஷி மாதிரி நிதானமாகச் சொன்னாள்: "இந்தப் புக்கு நல்லா இல்ல. மார்னி ஆன்ட்டி குடுத்தது வண்டியில இருக்குல்ல. நான் பாத்தேன். அதை எடுத்துட்டு வா. அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன்."

டிரெஸ்ஸா எழுந்தாள். கதவுக்குப் பக்கத்து ஆணியில் வண்டிச் சாவி தொங்கியது; கம்பி வலைக் கதவுக்கு அந்தப் பக்கம் வண்டி நின்றது, பதினைந்து அடி இருந்தால் அதிகம். ரோண்டாவின் பஸ் கோடை விடுமுறையில் அவள் வீட்டுக் கொட்டகைக்குள் நிற்கிறது, ஆகஸ்ட் வரை அங்கிருந்து அசையாது. டிரெஸ்ஸா கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்றாள். பின்னால் மகள் விசும்புகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சாவியைத் தொடவில்லை. திரும்பி வந்து, எதிர் நாற்காலியை விட்டுவிட்டு, மகளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அதற்குள் புத்தகம் தானாகவே மூடிக்கொண்டிருந்தது. அதிகம் பிரிக்காத புத்தகம், முதுகு விறைப்பு. அவள் அறுபத்து மூன்றாம் பாடத்தைத் தேடி எடுத்தாள். நடுவில் அகல விரித்து, உள்ளங்கையை வைத்து, மாவை அழுத்துகிற மாதிரி முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்தினாள். ஒட்டு விட்டது, முதுகு சடசடவென்று முறிந்தது. கையை எடுத்தாள். புத்தகம் திறந்தபடியே மல்லாந்து கிடந்தது.