வெந்நீரில் வைத்த மருந்து

பிறவியிலேயே என் உடம்பில் ஒரு என்சைம் கிடையாது. தசையில் சேரும் சர்க்கரைச் சத்தைக் கரைப்பது அதன் வேலை. அது இல்லாவிட்டால் சத்து தேங்கித் தேங்கித் தசை வலுவிழக்கும், கடைசியில் மூச்சு விடுவதே பெரும்பாடாகிவிடும். அதனால் இரண்டு வாரத்துக்கொரு முறை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் அந்த என்சைமை நரம்பில் ஏற்றுவார்கள். வெளிநாட்டிலிருந்து இலவசமாக வரும் மருந்து. ஒரு தடவைக்கு வேண்டியதுதான் கையில் இருக்கும்.

என்சைம் என்றால் மாமாவுக்குத் தனி மரியாதை. அம்மாவின் தம்பியான அவர் திருப்பூர் சாயப்பட்டறை ஒன்றில் பனியன் துணிக்கு என்சைம் வாஷ் போடுகிறவர். துணியின் பிசிறைத் தின்று வழவழப்பாக்குகிற சங்கதி அது. "நம்ம பட்டறைச் சரக்குத்தான் கண்ணு உனக்கும் ஏத்தறாங்க" என்று பெருமையடித்துக்கொள்வார்.

எனக்கு அப்போது ஏழு வயதிருக்கும். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று மாமா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஐஸ் பெட்டியில் மருந்துப் புட்டிகள், ஃபிளாஸ்கில் எனக்குப் பால் பவுடர் கலக்க வெந்நீர். சிஸ்டர் வருவதற்குள் மாமா ஒரு புட்டியைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு போசிப் பாத்திரத்தில் வெந்நீரை ஊற்றி, புட்டிகளை எல்லாம் அதில் நிற்கவைத்தார்.

சிஸ்டர் பார்த்ததும் பதறிப்போனார். "ஐயோ, ஏனுங்கண்ணா இப்படிப் பண்ணுனீங்க?"

"ஜில்லுனு இருந்தா என்சைம் தூங்கீருமுங்க சிஸ்டர். சூடு காட்டுனாத்தானுங்க வேலை செய்யும்."

"அது துணிக்குங்க. இந்த மருந்து சூடு பட்டா வீணுங்க. இனி அடுத்தது வந்தாத்தான் ஏத்த முடியும்."

மாமா அவசர அவசரமாகப் புட்டிகளை வெளியே எடுத்துத் துடைத்தார். எனக்கோ ஊசி தப்பிய குஷி. பஸ் ஸ்டாண்டில் நான் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்தார், தான் ஒரு டீகூடக் குடிக்கவில்லை. மாமா எப்போதும் இப்படியே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த மருந்து வரும்வரை, ஷிஃப்ட் முடிந்ததும் சாய வாடையோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். என்னைத் தரையில் உட்காரவைத்து, "எங்கே, கை ஊனாம எந்திரி கண்ணு, பார்க்கலாம்" என்பார். எழுந்தால் மிட்டாய். எனக்கு மிட்டாய் சலித்துப்போயிற்று, அவர் தோளில் ஏற வேண்டும்போல் இருந்தது. ஒருநாள் சும்மாவே, "முடியலீங்க மாமா" என்று உட்கார்ந்தபடியே இருந்தேன்.

மாமா என்னை வாரி எடுத்துக்கொண்டார். வெகுநேரம் கீழே விடவே இல்லை. அவர் உடம்பு நடுங்கியது. சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்து, நான்தான் ஜெயித்தேன் என்று கைதட்டினேன்.