உதவி தேவைப்பட்டால் அழைக்கவும்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ‘இருக்கியா’ என்று பெயர். வைத்தவள் நான்தான். நேரில் ‘சார்’ என்போம், அவர் அந்தப் பக்கம் போனதும் ‘இருக்கியா’ என்போம். அவருக்கும் அது தெரியும், கோபித்துக்கொண்டதில்லை.

அவர் வேலை அப்படி. பல கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களை நாங்கள் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்கிறோம். அவர் எழுதிய புரோகிராம் நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு மெஷினையும் ‘இருக்கியா?’ என்று தட்டிக் கேட்கும். பதில் வந்தால் திரையில் பச்சை வரி. வராவிட்டால் சிவப்பு, உடனே ஆள் போக வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பச்சை வரிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். எதிர் மேஜையில் ஒன்பது வருஷமாக நான். போனை எடுத்து வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்குவது என் உத்தியோகம்.

அவர் மனைவி இறந்துபோய் ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகள், வேறு ஊரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவாள். சாப்பிட்டீர்களா, சாப்பிட்டேன், மாத்திரை போட்டீர்களா, போட்டாச்சு. பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். மற்ற நேரமெல்லாம் வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம்தான் துணை என்று ஒரு முறை சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்து வைத்தேன்.

மனுஷன் சும்மா இருப்பாரா? எல்லோரும் வைத்திருக்கும் அந்தச் செய்தி அனுப்பும் செயலியில், ஒருவர் உள்ளே வந்தால் மற்றவர்களுக்குத் தெரியும் அல்லவா? மகள் எப்போது வருகிறாள், எப்போது போகிறாள் என்று குறித்துவைக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதிவிட்டார். மெஷின்களின் பெயர்களெல்லாம் முடிந்து, திரையின் கடைசியில் ஒரு வரி: ‘பாப்பா.’ அவள் போனைத் தொட்டால் அது பச்சையாகும்.

“ஆறே முக்காலுக்கு எந்திரிச்சிட்டா,” என்பார் காலையில், பெருமையாக.

“சார், அது உங்க பொண்ணா, சர்வரா?”

“ஒரு எழுத்துகூடப் படிக்கலம்மா. படிக்கவும் முடியாது. நல்லா இருக்காளான்னு மட்டும் பாக்குறேன்.”

அதில் தப்பு இருப்பதாக எனக்கும் அப்போது தோன்றவில்லை. பாவம் என்று நினைத்துவிட்டு, என் கூட்டத்தோடு சாப்பிடப் போய்விட்டேன். அவர் எப்போதும் தன் மேஜையிலேயே, திரையைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவார். வாங்க என்று நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

துணைக்கு வந்தது ஸ்டோர்க்காரர். மூன்றாவது மாடியில் உதிரி கேபிள்களையும் கீபோர்டுகளையும் அடுக்கி வைத்துக் காவல் காப்பவர். கையெழுத்து வாங்க வந்தவர் கண்ணில் அந்த வரி பட்டது.

“இது என்ன சார், பாப்பா?”

யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்போல, இருக்கியா சார் முழுக் கதையும் சொன்னார். ஸ்டோர்க்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“எனக்கும் ஒரு பொண்ணு ஹாஸ்டல்ல இருக்கா சார். கூப்பிட்டா எடுக்கறதே இல்ல. எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்களேன்.”

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். இவர் பன்னிரண்டரைக்கே பக்கத்து நாற்காலியைத் துணி வைத்துத் துடைத்துவிடுவார். இவர் சாப்பிடும்போது சிரித்ததை அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன். புரோகிராமை எழுதி, ஸ்டோர்க்காரர் வீட்டுக் கம்ப்யூட்டரில் தானே போய்ப் போட்டும் கொடுத்தார்.

இரண்டாவது வாரம் ஸ்டோர்க்காரர் இன்னொன்று கேட்டார். “ரெண்டு நம்பர் ஒரே நேரத்துல உள்ள வந்தா, அத மட்டும் தனியா எடுத்துக் காட்ட முடியுமா சார்?”

“ஏன் முடியாது?” என்று அப்போதே பேனாவை எடுத்துவிட்டார். புது வேலை கிடைத்த உற்சாகம் முகத்தில் எரிந்தது. ஸ்டோர்க்காரர் போன பிறகு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“ஒரு பொண்ணுக்கு எதுக்கு சார் ரெண்டு நம்பர்?”

அவர் கை ஒரு நொடி நின்றது. “அவளோட ஃப்ரெண்டா இருக்கும்மா,” என்றார், திரும்பாமலே. அந்த ஒரு நொடியை நான் நன்றாகப் பார்த்தேன். இதில் ஏதோ தப்பு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, எனக்கும் தெரிந்துவிட்டது. அதற்குள் என் போன் அடித்தது, எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

கேட்டதைச் செய்து கொடுத்தார். அழகாக அச்சடிக்கும் வசதியும் சேர்த்து. எந்த அறிக்கையாக இருந்தாலும் கடைசி வரியாக ‘உதவி தேவைப்பட்டால் அழைக்கவும்’ என்று எழுதி அலுவலகத்தில் தன் நம்பரைப் போடுவது அவர் வழக்கம். பழக்க தோஷத்தில் இதிலும் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஸ்டோர்க்காரர் இரண்டு நாள் சாப்பிட வந்தார், பிறகு வருவதை நிறுத்திவிட்டார். இவர் மட்டும் அந்த நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாதம் கழித்து இருக்கியா சாரின் போனுக்கு அந்த அழைப்பு வந்தது. கை கீபோர்டில் இருக்க வேண்டும் என்பதற்காக எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அதனால் எனக்கும் கேட்டது.

“உதவி தேவைப்பட்டால் அழைக்கவும்னு ஒரு பேப்பர்ல இந்த நம்பர் இருந்துச்சு,” என்றாள் ஒரு பெண். “எனக்கு உதவி வேணும்.”

“சொல்லுங்கம்மா, எந்தக் கம்பெனி?”

“கம்பெனி இல்லைங்க.”

பேசியது ஸ்டோர்க்காரரின் மனைவி. மகள் என்று ஒருத்தி இல்லவே இல்லை. நாலு மாதம் முன்பு அவரை விட்டுவிட்டுப் பெண்கள் விடுதியில் வந்து இருக்கிறாள். அவளும் அவனுக்குச் சந்தேகமான இன்னொரு நம்பரும் தினமும் ஒரே நேரத்தில் செயலிக்குள் வருவதைக் கண்டுபிடித்த புருஷன், அது யாரென்று தேடிப் போயிருக்கிறான். போய்ப் பார்த்தால் அது அவளுடைய அக்கா. அந்த வீட்டில் பேப்பரை விரித்துப் போட்டுக் கத்தி, ஜன்னலை உடைத்திருக்கிறான். இனி தங்கச்சியோடு எந்தத் தொடர்பும் கூடாது என்று அக்காவின் கணவர் சொல்லிவிட்டார்.

“அக்கா அந்தப் பேப்பர போட்டோ எடுத்து அனுப்பினா. கடைசியா அனுப்பினது அதுதான். எனக்குன்னு இருந்தது அவ ஒருத்திதாங்க. நான் எப்ப முழிச்சிருக்கேன்னு அவருக்குத் தெரியாம இருக்க என்ன பண்ணணும்? அத மட்டும் சொல்லுங்க.”

“அந்தச் செயலிய எடுத்துடுங்கம்மா.” என்றார் அவர்.

“எடுத்துட்டா? அக்காவால போன்ல பேச முடியாது, வீட்ல எல்லாரும் இருப்பாங்க. எழுதத்தான் முடியும். என்னைக்காவது மனசு கேக்காம எழுதினான்னா, எனக்கு எப்படிங்க தெரியும்?”

“நான்தாம்மா அத எழுதினேன்,” என்றார். “போலீசுக்குப் போங்க. எங்க வேணும்னாலும் வந்து, எழுதினது நான்தான்னு சொல்றேன்.” யோசிக்கிறேன் என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

விடுவிடு என்று மூன்றாவது மாடிக்கு இறங்கினார், பின்னாலேயே நானும். அவருக்குச் சண்டை போட வராது என்று எனக்குத் தெரியும். ஸ்டோர்க்காரர் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தார், சுற்றுவதை நிறுத்தவில்லை.

“அவ என் பொண்டாட்டி சார். எங்க வீட்டு விஷயம்.”

“நிறுத்திடுங்க. தயவுசெஞ்சு.”

“எதுக்கு நிறுத்தணும்? நீங்க மட்டும் உங்க பொண்ணுகிட்ட கேட்டுட்டா பாக்குறீங்க?”

நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். நானே மேலதிகாரிக்குப் புகார் எழுதிக் கொடுத்தேன், ஸ்டோர்க்காரரை வேறு கிளைக்கு மாற்றினார்கள். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். இருக்கியா சார் பூட்டு எதுவும் போடாமல் முழுசாகத் தூக்கிக் கொடுத்தது, திரும்ப வாங்க வழியில்லை. அந்தப் பெண் மறுபடி கூப்பிடவில்லை.

அந்த வாரம் ஒரு மத்தியானம் இருக்கியா சார் என் மேஜைக்கு வந்தார். “கொஞ்சம் கூட வந்து உக்காருங்கம்மா. தனியா முடியாது.” போவதற்கு முன் திரையில் ‘பாப்பா’ வரியை அழித்தார். மீட்டிங் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, மகளைக் கூப்பிட்டார். வழக்கம்போல ஸ்பீக்கரில்.

“என்னப்பா, இன்னைக்கு ஞாயிறு இல்லையே?”

எல்லாவற்றையும் சொன்னார். பரீட்சையில் ஒப்பிக்கிற மாதிரி, நிறுத்தாமல், தன் பங்கை ஒரு துளியும் குறைக்காமல்.

“எத்தன நாளா?”

“பதினாலு மாசம்.”

கத்துவாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் கத்தியிருப்பேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

“அப்போ போன மாசம் நான் தூங்காம இருந்தது உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்மா. பதினோரு நாள்.”

“எண்ணி வெச்சிருக்கீங்க. ஏன்ப்பா கேக்கல?”

“கேட்டா... நான் பாக்குறது தெரிஞ்சிடும்னு...”

“நடுவுல ரெண்டு ஞாயித்துக்கிழமை பேசினோம்பா. மாத்திரை போட்டீங்களான்னு நான் கேட்டேன். போட்டாச்சுன்னு நீங்க சொன்னீங்க. யாராவது ஒரு ஆள் என்னம்மான்னு கேட்டா போதும்னு இருந்தேன்.”

அதோடு அவள் பேச்சு நின்றுவிட்டது. அவர் போனை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“என்னம்மா ஆச்சு?” என்று கேட்டார்.

லைன் எப்போதோ போய்விட்டிருந்தது.