மெசினின் கண்ணைத் துடைத்த ராத்தா

ராத்தா என் உள்ளங்கையில் ஒரு பிடி அரிசியைக் கொட்டி, "இதுல கறுப்பு எங்க இரிக்கி, காட்டுங்க தம்பி" என்றார். விரலால் கிளறிக் கிளறிப் பார்த்தேன். ஒரு மணிகூடப் பழுதில்லை. நான் கொண்டுவந்து பூட்டிய மெசின் கழிவென்று துப்பிய அரிசி அது.

இலங்கையின் கிழக்குக் கரையில், நிந்தவூரில் ஒரு ஹாஜியாரின் அரிசி ஆலை. அங்கே எல்லோரும் அக்கா என்பதற்குப் பதில் ராத்தா என்றே அழைக்கும் அந்த அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் சுளகும் கையுமாக உட்கார்ந்து கறுப்பரிசி பொறுக்குவார்கள். அந்த வேலைக்குத்தான் நான் ரோபோ மெசினைக் கொண்டுபோனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கமரா விழுகிற ஒவ்வொரு மணியையும் பார்க்கும். பழுதானதைக் காற்று ஊதித் தள்ளிவிடும். பூட்டி முடித்த பெருமையில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "இனி இந்தப் பொம்பிளையள் தேவையில்ல ஹாஜியார், கிழமை முடிய நிப்பாட்டுங்க" என்றேன். அவரும் தலையாட்டினார். படித்த திமிர், வேறென்ன!

இரண்டு நாள் ஒழுங்காக ஓடிய மெசின் மூன்றாம் நாள் நல்லரிசியையெல்லாம் கழிவு வாளிக்குள் ஊதத் தொடங்கியது. திரையில் இருந்த அளவுகளை எல்லாம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ம்ஹும்! "நாளைக்கும் இப்பிடியெண்டா மெசின ஏத்திட்டுப் போங்க" என்று ஹாஜியார் சொல்லிவிட்டார். நான் கொம்பனியில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, மெசின் திரும்பினால் என் வேலை போகும். அந்த மூன்று பேரின் வேலையோ தப்பும். அதற்கு ராத்தா ஒன்றும் செய்யத் தேவையில்லை, வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும்.

அவரோ வாளியிலிருந்து அந்தப் பிடி அரிசியை அள்ளி வந்து காட்டினார். பிறகு மெசினை நிறுத்தச் சொல்லி, கண்ணாடிக்குக் கிட்ட முகத்தை வைத்துப் பார்த்தார். "உங்கட மெசினுக்குக் கண்ணுல பீளை தம்பி" என்று சிரித்தார். கடற்காற்றின் ஈரத்தில் தவிட்டுத் தூசி ஒட்டி, கண்ணாடி மஞ்சள் பாரித்துக் கிடந்தது. காய்ந்த துணியால் துடைத்துவிட்டு ஓட்டினோம். வாளியில் கறுப்பு மட்டும் விழுந்தது. காலையிலிருந்து திரையைக் குத்திக்கொண்டு நின்ற எனக்கு அந்தக் கண்ணாடியைப் பார்க்கத் தோன்றவே இல்லை. வெட்கமாகப் போயிற்று.

"ஏன் ராத்தா சொன்னீங்க? பேசாம இருந்திருக்கலாமே" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அல்லாஹ் தந்த உணவு, நாம திங்கிற சோறு, குப்பைக்குப் போகுது. பாத்துட்டு இரிக்கச் சொல்றீங்களா?"

மெசினைப் பார்த்துக்கொள்ள ராத்தா மட்டும் நிற்கட்டும் என்றார் ஹாஜியார். "மூணு பேருமெண்டா நிக்கிறன். ஒராள் அதுட கண்ணத் துடைக்கோணும், ரெண்டு பேர் அது துப்புறதப் பாக்கோணும்" என்றார் ராத்தா. முதலாளி முன்னால் அப்படி நிமிர்ந்து கதைக்க எனக்கு வராது. ஹாஜியார் கொஞ்சம் முறுகி, கடைசியில் "ஓம், மூணு பேரும் நில்லுங்க" என்றார். இன்றும் மூவரும் அங்கேதான். வாளியில் தப்பி விழும் நல்ல மணிகள் திரும்ப மெசினுக்குள் போகின்றன, மிச்சம் கோழிக்கு. ஒரு பிடிகூட வீணாவதில்லை.

போன மாதம் மெசினைப் பார்க்கப் போனபோது, மனம் கேட்காமல், அன்று ஹாஜியாரிடம் அவர்களை நிறுத்தச் சொன்னதை ராத்தாவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அண்டைக்கே என்ட காதுல விழுந்ததுதான் தம்பி" என்றார், சுளகிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா மெசின் பிழையா ஓடின நேரம் உங்கட முகத்தப் பாத்தன். வேல போகப்போகுதெண்டா எப்பிடி இரிக்குமெண்டு எங்களுக்குத் தெரியாதா?"