நாலாம் நம்பர் சைக்கிள்

ஏரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆவடிப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். காலையில் அந்தக் கரையில் நடக்கப் போகிறவர்களும், மாலையில் பஜ்ஜி தின்னப் போகிற குடும்பங்களும் நிம்மதியாகப் போய் வரட்டும். ஆனால் நடந்தது நடந்ததுதான். கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தூங்கப் போகலாம். சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருக்கிறார். அவர் மனைவியும்... சரி, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவர் பெயர் திருமுருகன். விருதுநகர்க்காரர். கொரட்டூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. கம்ப்யூட்டர் கம்பெனியில் வருடக்கணக்காகத் தேய்ந்தவரை ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதம் வீட்டில் இருந்தார். குடும்பத் தலைவன் எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்தால் சுவரும் குத்திக் காட்டிப் பேசும். பேசாமல் இருந்தது அவர் மனைவி தாட்சாயிணி மட்டும்தான். ராத்திரி அவர் பால்கனியில் ரொம்ப நேரம் நின்றால், சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் நின்றுகொள்வாள். அந்த எட்டு மாதமும் அவர் உயிரைப் பிடித்து வைத்திருந்தது அவள்தான்.

அப்போதுதான் அவருக்கு இந்த யோசனை வந்தது. சைக்கிள் சுற்றுலா. கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி என்று இந்தப் பக்கம் முழுக்க ஏரிகள். மகாபலிபுரத்துக்கு ஓடுகிற ஜனங்கள் பக்கத்தில் கிடக்கிற தண்ணீரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. விடியற்காலையில் அவர்களைச் சைக்கிளில் கூட்டிப்போய், ஏரிக்கு மேல் சூரியன் ஏறுவதைக் காட்டி, சூடாக இட்லி வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்புவது. சுற்று முடிகிற இடம் நான் பெயர் சொல்லாத அந்த ஏரி. தண்ணீர் வற்ற வற்ற அங்கே ஒரு பக்கம் மணல் அகலமாக விரியும். பக்கத்துச் சேக்காட்டு இளவட்டங்கள் அதற்கு 'பீச்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ராட்டினம், பலூன் சுடுவது, மிளகாய் பஜ்ஜி எல்லாம் உண்டு. அலை ஒன்றுதான் இல்லை.

"இதுதான் கடைசி தாட்சா. இதுவும் ஊத்திக்கிச்சுன்னா எனக்கு வேற வழி தெரியல," என்றார் திருமுருகன்.

"நானும் வர்றேன்," என்றாள் அவள். அவளுக்குத் தண்ணீர் என்றாலே பயம். நீச்சல் தெரியாது. ஆனாலும் வருகிறேன் என்றாள்.

அவர் போட்ட திட்டத்தில் ஒரு விதி இருந்தது. ஏரிக்கரை மேல் பாதை ஒடுக்கம், இரண்டு பக்கமும் சரிவு. மிதித்துக்கொண்டே பின்னால் திரும்பினால் ஹேண்டில் கோணிக்கொள்ளும், ஆள் கவிழ்வான். அதனால் கரை மேல் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. முன்னால் போகிறவர் 'ஒண்ணு' என்று குரல் கொடுப்பார். அடுத்தவர் 'ரெண்டு'. இப்படியே போய்க் கடைசி எண் காதில் விழுந்துவிட்டால் எல்லோரும் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். யாரும் நிற்க வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான். அப்படித்தான் அவர் நினைத்தார்.

மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊராரைக் கூட்டிப் போகும் முன் ஒரு வெள்ளோட்டம். ஆள் நாலே பேர். முன்னால் திருமுருகன். இரண்டாவது எதிர்வீட்டு சபீனா. மூன்றாவது கோதண்டம், சேக்காட்டில் சைக்கிள் கடை வைத்திருப்பவர், சைக்கிள்களும் அவருடையதுதான். கடைசியில் தாட்சாயிணி. யாரும் பின்தங்கி விடாமல் பார்த்துக்கொள்வது கடைசி ஆளின் வேலை. நாலு பேருக்கும் மஞ்சள் டி-ஷர்ட். முதுகில் பெரிதாக எண், அதன் கீழே திருமுருகனின் போன் நம்பர். நாலே நாலுதான் அடித்திருந்தார்.

"நம்பர் எதுக்கு? பேர் சொன்னா ஆகாதா? நம்பர்னா யார் வேணா சொல்லிடலாமே," என்று சிரித்தார் சபீனா.

கடை வாசலில் கோதண்டம் நாலாவது சைக்கிளை ஆட்டிப் பார்த்தார். பின் மட்கார்டு லொட லொடவென்றது.

"ஸ்க்ரூ லூசா கீதும்மா. ரெண்டு நிமிசம் குடு, முடுக்கிடறேன்."

"இருக்கட்டும்ண்ணே. இந்தச் சத்தம் கேட்டா நான் பின்னால வர்றது அவருக்குத் தெரியும்," என்றாள் தாட்சாயிணி.

ஐந்தே முக்காலுக்குக் கரை மேல் ஏறினார்கள். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அன்றைக்கு எலும்பையே துளைத்தது. இடப்பக்கம் ஏரி இருக்க வேண்டும். வெள்ளையாக ஒன்றும் தெரியவில்லை. சைக்கிள் விளக்கு ஒரு முழத்துக்கு மேல் போகவில்லை.

"ஒண்ணு."

"ரெண்டு."

"மூணு."

"நாலு." அவள் குரலில் லேசாக மூச்சு வாங்கியது. பின்னால் லொட லொட.

பழைய மதகைத் தாண்டினார்கள். அந்த இடத்தில் கரையை ஒட்டி, சவுடு மண் அள்ளிய பள்ளம் ஒன்று உண்டு. ஏரியே வற்றினாலும் அது வற்றாது. பகலில் வந்து பார்த்தபோதே திருமுருகன் அதைக் குறித்து வைத்திருந்தார். ஓரமாகப் போகாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லியும் இருந்தார்.

ஆறு மணி ஐந்து நிமிடம். தண்ணீரில் களுக் என்று ஒரு சத்தம். பெரிய மீனாக இருக்கும் என்று நினைத்தார்.

கொஞ்ச தூரம் போனபிறகுதான் ஏதோ குறைவது போலிருந்தது. என்ன குறைகிறது என்று தெரியவில்லை. பிறகு தெரிந்தது.

லொட லொட இல்லை.

"ஒண்ணு," என்றார் அவசரமாக.

"ரெண்டு."

"மூணு."

"நாலு."

அப்பாடா என்றிருந்தது. மட்கார்டை ஏதாவது துணி வைத்து அடைத்திருப்பாள். திரும்பிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தான் போட்ட விதியைத் தானே மீறுவதா என்று விட்டுவிட்டார். அந்த ஒரு கணத்துக்காக அந்த மனிதன் இன்றுவரை தலையில் அடித்துக்கொள்கிறான்.

வளைவில் மறுபடியும் எண்ணினார்கள். இந்தத் தடவை 'நாலு' என்ற குரலில் மூச்சு வாங்கவே இல்லை. மிதிக்கிறவள் குரல் மாதிரி இல்லை.

கடைசித் தடவை...

"ஒண்ணு."

"ரெண்டு."

"நாலு."

கோதண்டம் இன்னும் வாயே திறக்கவில்லை.

மணலுக்கு இறங்கியதும் திருமுருகன் பிரேக் பிடித்துத் திரும்பினார். சபீனா வந்தார். கோதண்டம் வந்தார். பின்னால் பனிதான் இருந்தது.

"தாட்சா எங்க?"

"பின்னாலதான் சார் வந்துகினு இருந்துச்சி." கோதண்டம் தன் காதைத் தொட்டுப் பார்த்தார். "என் காதாண்ட சொல்லிச்சி சார், நாலுன்னு. மூச்சு இன்னா ஜில்லுன்னு இருந்துச்சி தெரியுமா..."

திருமுருகன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். வந்த வழியே கத்திக்கொண்டு ஓடினார்.

"தாட்சா..."

இடப்பக்கம் முள்புதரிலிருந்து பதில் வந்தது. "நாலு."

"தாட்சா, எங்கம்மா இருக்க?"

வலப்பக்கம் தண்ணீரிலிருந்து. "நாலு."

அவர் அழுதுகொண்டே ஓடினார். முருகா, அவளை மட்டும் விட்டுவிடு, வேலையும் வேண்டாம், சுற்றுலாவும் வேண்டாம், அவள் போதும் என்று வாய்விட்டுக் கெஞ்சிக்கொண்டே ஓடினார்.

மதகு.

சரிவில் சைக்கிள் கிடந்தது. பின் சக்கரம் மட்டும் தண்ணீருக்கு வெளியே. அது இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

குதித்தார்.

பள்ளத்தில் தண்ணீர் ஐஸாக இருந்தது. கண் தெரியவில்லை. மூழ்கித் துழாவினார். சேறு. வேர். மறுபடியும் சேறு. மூச்சு முட்டி மேலே வந்தார். மறுபடியும் மூழ்கினார்.

ஏதோ அவருடைய இடது மணிக்கட்டை, கைப்பட்டையோடு சேர்த்துச் சுற்றியது. இறுக்கியது.

அப்போது கரை மேலிருந்து குரல் கேட்டது.

"ஏங்க..."

கையை உதறிக்கொண்டு மேலே வந்தார்.

கரையில் தாட்சாயிணி நின்றாள். தலைமுடி சொட்டச் சொட்ட நின்றாள்.

"ஏங்க... நான் இங்க இருக்கேன். வாங்க, வீட்டுக்குப் போவோம்."

திருமுருகன் சேற்றில் புரண்டு கரையேறி அவளைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். பின்னால் ஓடி வந்த சபீனாவும் அழுதார். கோதண்டம் மட்டும் அவளுக்குப் பக்கத்தில் வரவில்லை. எப்போது விழுந்தாய், எப்படி ஏறினாய் என்று யாரும் கேட்கவில்லை. போன உயிர் திரும்பி வந்தால் யார் கணக்குக் கேட்பார்கள்? அவள் தானே சைக்கிளைத் தூக்கி ஏறிக்கொண்டாள். வீடு வரைக்கும் அந்த மட்கார்டு ஒரு சத்தம்கூடப் போடவில்லை.

அதற்குப் பிறகு மூன்று நாள். அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அதிர்ச்சி என்று அவர் நினைத்துக்கொண்டார். கொடியில் காயப்போட்ட மஞ்சள் டி-ஷர்ட் மூன்றாம் நாளும் சொட்டிக்கொண்டிருந்தது. காற்றில்லை என்று நினைத்துக்கொண்டார். சைக்கிளைத் திருப்பி எடுத்துப்போக கோதண்டம் வரவேயில்லை. போன் செய்தால், "அது உங்களாண்டயே இருக்கட்டும் சார்," என்று வைத்துவிட்டார். எதையும் யோசிக்கத் திருமுருகனுக்கு மனமில்லை. அவள் இருக்கிறாள். அது போதும்.

புதன்கிழமை மதியம் ஒரு போன் வந்தது. போலீஸ் ஏட்டு பேசினார். ஏரிப் பள்ளத்தில் ஒரு பெண் உடல் மிதந்திருக்கிறது. முகம் அடையாளம் தெரியவில்லை. மஞ்சள் டி-ஷர்ட், முதுகில் இந்த போன் நம்பர். ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு ஒரு நடை வர முடியுமா என்று கேட்டார்.

அவர் திரும்பிப் பார்த்தார். தாட்சாயிணி சமையல்கட்டில் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். "போயிட்டு வாங்க," என்றாள். யார் பேசியது என்று அவர் அவளிடம் சொல்லவேயில்லை.

முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

டி-ஷர்ட்டில் எண் நாலு. காலில் மெட்டி. அவர் கையால் போட்டது.

"உங்க ஆளுங்க யாராச்சும் காணாமப் போயிருக்காங்களா?" என்று கேட்டார் ஏட்டு.

"இல்ல சார். எல்லாரும் வீட்டுக்கு வந்துட்டாங்க."

"நீச்சல் தெரியாத பொம்பள போல. ஆனா லேசுல உசுர விடல சார். நகமெல்லாம் மண்ணு. யாரையோ புடிச்சிருக்கு, அவன் உதறிட்டுப் போயிட்டான். இதப் பாருங்க, கைல இருந்துச்சி. விரலப் பிரிக்கவே முடியல." ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் பட்டை. எத்தனை அடி நடந்தோம் என்று காட்டும் கைப்பட்டை. "இது யாருதுன்னு தெரியுமா?"

திருமுருகன் இடது கைச் சட்டையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். மணிக்கட்டில் நாலு நகக்கீறல்கள் ஆறிக்கொண்டிருந்தன.

"தெரியாது சார்."

அனாதைப் பிணம் என்று எழுதி அடக்கம் செய்துவிட்டார்கள்.

இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறார். சுற்றுலா நடக்கவில்லை. சைக்கிள் கீழே தூணோடு சேர்த்துப் பூட்டியிருக்கிறது. தினமும் காலையில் அதன் சக்கரத்தில் ஈரமான சவுடு மண் ஒட்டியிருக்கும்.

தினமும் ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குக் கீழே சத்தம் கேட்கும்.

லொட... லொட... லொட...

கட்டிடத்தைச் சுற்றி வரும். பால்கனிக்கு நேர் கீழே வந்து நிற்கும்.

அவர் எழுந்து உட்கார்வார்.

பக்கத்தில் படுத்திருப்பவள் அவருடைய இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். ஜில்லென்று இருக்கும்.

"திரும்பிப் பாக்காதீங்க," என்பாள்.