தனிரூம் நர்ஸம்மா

முழங்கை வரை நுரை. ஆயா குப்பாயி செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற, தேவகுமாரி கைகளை உயர்த்திப் பிடித்துக் கழுவுகிறாள். ஏற்காட்டுக் குளிரில் அந்தத் தண்ணீர் விரல் வெடிப்புகளில் சுரீரென்று இறங்கும். துண்டை நீட்டினால், "வேண்டாங்க, தானா ஆறட்டும்" என்பாள். இன்றைக்கு மட்டும் இது பதினோராவது முறை.

ஆஸ்பத்திரியின் கோடியில் இருக்கும் தொற்றுநோய் அறை அவள் பொறுப்பு. அவளுக்கு மாற்றாக இருந்த நர்ஸ் பிரசவத்துக்குப் போய் நான்கு மாதமாகிறது. அறைக்குள் ஆணியில் தொங்கும் கவுன் வெளியே வராது. உள்ளே போன தட்டு, டம்ளர் எல்லாம் கொதிக்கும் தண்ணீரைப் பார்த்த பிறகே வெளியேறும். கவுன் மாட்டாமல் வந்த டாக்டரையே ஒருமுறை திருப்பி அனுப்பினாள். அவர் இரண்டு நாள் பேசவில்லை. பேசுவதற்கு அவளிடமும் தெம்பில்லை.

இப்படி இருக்கையில்தான், எண்பத்து மூன்றாம் வருஷம் தை மாதம், மாரமங்கலத்து மாதம்மாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். தோளில் ஐந்து வயது சித்தன். இடுப்பில் பால்குடிக்கும் பெண் குழந்தை. பையனுக்குத் தொண்டை அடைப்பான். ஊசி போட்டு அவனை உள்ளே படுக்கவைத்ததும் தாயும் பின்னாலேயே நுழையப் பார்த்தாள். தேவகுமாரி வாசலை மறித்து நின்றாள்.

"உள்ள வந்தீங்கன்னா கைப்பிள்ளையைத் தொடக்கூடாதுங்க. இதுக்கும் ஒட்டிக்கும்."

"ஏனுங்க நர்ஸம்மா, ரெண்டும் நான் பெத்ததுங்க. எதைங்க விடறது?"

பையனைத் தான் பார்த்துக்கொள்வதாகத் தேவகுமாரி சொன்னாள்.

மாதம்மாள் சன்னலுக்கு வெளியே மடியில் குழந்தையோடு உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் நாள் பையனுக்கு மூச்சு இழுத்தது. கண்ணாடியில் ஓங்கி அடித்து, "பெத்திருந்தாத் தெரியும்" என்று கத்தினாள். தேவகுமாரிக்கும் சேலத்தில் தன் அம்மாவிடம் வளரும் மகள் உண்டு. பையனை நிமிர்த்தி மார்பில் சாய்த்துக்கொண்டு, மூச்சு சீராகும் வரை அசையாமல் இருந்தாள். அந்த மாதம் மகளைப் பார்க்கக் கேட்டிருந்த லீவும் தள்ளிப்போயிற்று.

பதினாறாம் நாள், சேலத்துக்கு அனுப்பிய இரண்டாவது பரிசோதனையிலும் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. மாதம்மாள் மகனை வாரி அணைத்து வெகுநேரம் விடவில்லை. பிறகு, தேவகுமாரியின் முகத்தைப் பார்க்காமலேயே, "நொம்பப் பேசிட்டனுங்க" என்றாள். பஸ் வரும் நேரம். "நர்ஸம்மாகிட்டச் சொல்லிட்டு வா, சாமி" என்று அவனை முன்னால் தள்ளினாள்.

சித்தன் தாயின் புடவைக்குள் ஒளிந்துகொண்டான். "இது வேற அம்மா" என்றான்.

பதினாறு நாளும் அவன் பார்த்தது துணி கட்டிய முகத்தின் கண்களைத்தான்.

தேவகுமாரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் மெல்ல உட்கார்ந்தாள். இடது உள்ளங்கையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு அவனைப் பார்த்தாள்.