பெரியவனும் சின்னவனும்

எங்கள் சைசிங் மில் கருமத்தம்பட்டியில் இருக்கிறது. விசைத்தறிக்குப் போகும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு, காயவைத்து, பீம் என்கிற பெரிய உருளையில் சுற்றிக் கொடுக்கிற வேலை. கஞ்சி காய்ச்ச ஆவி வேண்டும், நூல் காயவும் ஆவி வேண்டும். அதற்கு விறகு எரிக்கிற பாய்லர் ஒன்று. வீட்டுக்காரர் காலமான பிறகு பல வருசம் நான்தான் மில்லை நடத்தினேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் என் மில்லுக்குள் வந்து என்னை ஏமாற்றிவிட்டுப் போனவர் யாரும் கிடையாது. இப்போது சின்ன மகன் பார்க்கிறான். நான் கணபதியில் பெரிய மகன் வீட்டில் இருக்கிறேன்.

மில்லில் எல்லோரையும் அதட்டுவேன், பாய்லர் பக்கம் போனால் மட்டும் குரல் தணிந்துவிடும். அது சாதுவாக இருப்பதுபோலத்தான் எப்போதும் தெரியும். உள்ளே எவ்வளவு கோபம் சேர்ந்திருக்கிறது என்பதை ஒரு சின்ன வட்டக் கண்ணாடிக்குள் இருக்கிற முள்தான் சொல்லும்.

என் பெரிய மருமகள் கம்ப்யூட்டர் படித்தவள். ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே ஜாவாவில் புரோகிராம் எழுதுகிறாள். சென்ற வருசம் கொழுந்தன் கேட்டானென்று நம் மில்லுக்கும் ஒன்று எழுதினாள். பாய்லரில் ஒரு கருவி மாட்டியாயிற்று. ஆவி எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது என்பது அதன் வழியாக அவள் கம்ப்யூட்டருக்கு வரும், அங்கிருந்து சின்னவன் போனுக்குப் போகும். அவன் மில்லின் எந்த மூலையில் நின்றாலும் பார்த்துக்கொள்ளலாம்.

"இதுக்கு ஒரு சர்வர் ஓடணுமுங்க அத்தை" என்றாள்.

"சர்வரா? ஓட்டல்ல இட்லி வைக்கறவனா?"

"அதேதானுங்க. கேட்டதக் கொண்டாந்து வெக்கறவன். என்ன, டிப்ஸ் கேக்க மாட்டான்."

ஒரே கம்ப்யூட்டரில் அந்த மாதிரி இரண்டு சர்வரை ஓட வைத்திருந்தாள். ஒன்றில் அவளே இட்டுக்கட்டிய அளவுகள் வரும். எழுதியது சரியா என்று சோதிப்பதற்கு. இன்னொன்றில் மில் பாய்லரின் உண்மையான அளவு வரும். ஜாவா எழுதுகிற அதே சாஃப்ட்வேருக்குள், திரையின் அடியில், இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். முதல் நாள் இரண்டாவது எழும்பவே இல்லை. இரண்டுக்கும் ஒரே போர்ட் நம்பரைக் கொடுத்துவிட்டாளாம். போர்ட் என்பது வாசல் மாதிரி. "ஏற்கெனவே ஆள் இருக்குதுன்னு சொல்லுதுங்க" என்றாள். அது கேட்டு எனக்கு என்னவோபோல் இருந்தது. ஆள் இல்லாத அறையில் ஆள் இருக்கிறது என்று ஒரு பெட்டி சொல்கிறதே. பிறகு சோதனைக்கு எண்பது எண்பது, மில்லுக்கு எண்பது எண்பத்தொன்று என்று வாசலைப் பிரித்துக் கொடுத்தாள். இரண்டும் ஓடின. சின்னவன் போனிலும் இரண்டு கட்டம் வந்தது. இரண்டுக்கும் ஒரே முகம். ஒன்று நின்றால் அது மறைந்து, மற்றது அந்த இடத்துக்கு ஏறிக்கொள்ளும்.

நம்பரைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததோ என்னவோ, கொஞ்ச நாளில் அண்ணியும் கொழுந்தனும் அவற்றைப் பெரியவன், சின்னவன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கும் அது நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் வந்தது மாதிரி. யார் பெரியவன், யார் சின்னவன் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்கிற விசயமா அது?

மில் சர்வரில் ஏதோ திருத்த வேண்டும், அதற்கு அதைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும் என்று மருமகள் அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒண்ண நிறுத்தணுமுங்க தம்பி, எப்ப தோதுன்னு சொல்லுங்க" என்று அவனிடமும் கேட்டு வைத்திருந்தாள்.

அன்று காலை பதினோரு மணி வாக்கில் அவன் போன் செய்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். நான் அதே அறையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க அண்ணி, பீம் மாத்தறோம், மெசினு நிக்குது. வேணும்னா இப்பப் பெரியவன நிறுத்திக்குங்க."

"உங்க அண்ணன நிறுத்த என்னால ஆகுமுங்களா?"

"அது எங்கம்மாளாலயே ஆகல, உட்டுருங்க."

சிரித்துக்கொண்டே போனை வைத்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். ஒன்று நின்றது.

மெசின் நின்றால் ஆவி செலவாகாது. அடுப்பில் விறகு எரிந்துகொண்டே இருந்தால் ஆவி உள்ளேயே சேரும். அந்த நேரத்தில்தான் பாய்லர்காரர் முள்ளை விட்டு நகரக்கூடாது. இது எனக்குத் தெரியும், சின்ன மகனுக்கும் தெரியும். ஆனால் அன்று அந்த மனிதரை அவன், "நான் போன்லயே பாத்துக்கறனுங்க, நீங்க போய்ச் சாப்புட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டான் என்பது எனக்கும் மருமகளுக்கும் தெரியாது.

மொச்சை பாதி உரித்திருப்பேன். மறுபடி போன் வந்தது.

"அண்ணி, உங்களுக்கு ஒரு சபாசுங்க. ஒண்ண நிறுத்தியும் இன்னொண்ணு நல்லா ஓடுது. மெசினு நின்னும் ஸ்டீம் அப்படியே ஆடாம அசையாம நிக்குது பாருங்க."

மருமகளின் கை நின்றது.

"எந்த ஸ்டீம் தம்பி?"

"பாய்லர் ஸ்டீமுங்க. பெரியவனத்தான் நிறுத்திப்போட்டீங்களே, சின்னவன்லதான் பாக்கறன்."

"நான் எண்பத்தொன்ன நிறுத்தினனுங்க."

"அது சின்னவனாச்சே? எண்பதுதான மொதல்ல பொறந்தது?"

"எண்பத்தொன்னுதான தம்பி பெரிய நம்பரு?"

அவன் பிறந்த வரிசையில் எண்ணியிருக்கிறான், அவள் கணக்கில் எண்ணியிருக்கிறாள். அவன் பார்த்துச் சபாஷ் சொன்ன அளவு, அவள் காலையில் தானே இட்டுக்கட்டி எழுதி வைத்த அளவு.

"தம்பி, நீங்க பாக்கறது பொய்யுங்க! ஓடிப் போய் முள்ளப் பாருங்க!"

அவன் போனை அணைக்கவில்லை. ஓடுகிற செருப்புச் சத்தம் கேட்டது. ஏதோ உருண்டு விழுந்தது. பிறகு அவன் குரல், எங்களிடம் இல்லை, தூரத்தில் யாரிடமோ: "கட்டைய இழு! வெளிய இழு!" அப்புறம் பேச்சே இல்லை. மற்ற சமயமாக இருந்தால் மெசின் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. அன்று மெசின் நின்றிருந்ததால் எல்லாம் கேட்டது. இரும்புக் கம்பி தரையில் உரசுகிற சத்தம். யாரோ இருமுகிற சத்தம். அதற்கெல்லாம் அடியில், அடித்தொண்டையில் முனகுகிற மாதிரி ஒன்று. அதை நான் முன்பு கேட்டதில்லை. அழுத்தம் ஏறினால் தானாகத் திறந்து கத்த வேண்டிய வால்வு ஒன்று உண்டு. அதன் கத்தலுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

மருமகள் நின்ற சர்வரை மறுபடி ஓடவிட்டாள். அது எழும்ப நேரம் எடுத்தது. வரி வரியாக ஏதோ ஓடியது. கடைசியில் உண்மையான அளவு வந்தபோது அவள் திரையைக் கையால் மறைத்தாள். நான் பார்த்துவிடக்கூடாது என்று.

"கையெடு அம்மணி" என்றேன். எடுத்தாள். எண் படிக்க எனக்குத் தெரியும். அந்த எண்ணை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அது கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு ஒன்று இறங்கியது. மறுபடி நின்றது. மறுபடி இறங்கியது.

அப்புறம்தான் போனில் அவன் வந்தான். மூச்சு வாங்கியது. "அம்மா... எறங்குதுங்க."

"ஒனக்கு?"

"கை கொஞ்சம் சுட்டுப்போச்சுங்க. வேற ஒண்ணுமில்ல."

"பாய்லர்கிட்ட யாரு நின்னா?"

"யாரும் இல்லீங்கம்மா."

மருமகள் அப்போதுதான் அழுதாள். நான் அவளை ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அவளிடம் என்ன இருந்தது? தமிழில் பெரியவன் என்றால் மூத்தவன், அளவில் பெரியவன் இரண்டும்தானே.

அன்று மத்தியானமே கார் வைத்துக்கொண்டு கருமத்தம்பட்டிக்குப் போனேன். வால்வைக் கழற்றி வைத்திருந்தார்கள். சுண்ணாம்பு படிந்து இறுகிக் கிடந்தது. பாய்லர்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவரிடம் எனக்குச் சண்டை இல்லை, முதலாளி போகச் சொன்னால் போகத்தானே செய்வார்.

சின்ன மகனைப் பாய்லர் முன்னால் நிற்க வைத்துத்தான் பேசினேன். "புது வால்வு மாட்டற வரைக்கும் அடுப்பு எரியக்கூடாது. எரியறப்ப, இந்த முள்ளுக்கு முன்னால ஒரு மனுசன் நிக்கணும். அவன் சோத்துக்குப் போனா நீ நிக்கணும். உன்னால முடியாதுன்னா எனக்குச் சொல்லு, நான் வந்து நிக்கறேன். அந்தப் பெட்டி பாட்டுக்கு ஓடட்டும், அதை நம்பி ஆள அனுப்பற வேலை இந்த மில்லுல கெடையாது."

"சரிங்கம்மா" என்றான்.

அதற்கு முன் அவன் என் சொல்லுக்கு இவ்வளவு சீக்கிரம் சரி என்றதே இல்லை. கட்டுப் போட்ட கையால் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். முள் அவனுக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அது பூஜ்யத்துக்கு வந்துவிட்டதா என்று போனில் பார்த்தான்.